மூன்று மாத வழி

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். முதல் 10 ஏடுகளில் வடமொழிச் செய்யுள்கள். மீதி 21-இல் தமிழ். செய்யுள்கள் சூரியனில் தொடங்கிச் சோழர் குலத்தை வரிசையாகப் புகழ்ந்துகொண்டே வருகின்றன. தமிழ்ப் பகுதிக்கு அந்தப் பெருமிதம் கிடையாது. அதற்கு இருப்பது ஒரே கவலை: எல்லை. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், 1018-ஐ ஒட்டி, பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக ஒரு பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிட்டார்கள். அது நடந்த தடத்தில் கல் நட்டார்கள், கள்ளி நட்டார்கள். எந்த ஏரிக்குக் கிழக்கு, எந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். சோழ நாட்டில் புறப்பட்ட ஓர் ஆணை, தொண்டை மண்டலத்தின் வடபகுதியில் ஒரு கள்ளிச் செடியடியில் வந்து முடிகிறது.

எனக்கு அந்த யானை முக்கியம். பேரரசு என்று நாம் சொல்வது இதைத்தான்: எங்கோ ஒருவன் வாய்திறந்து சொன்னது, பல நாள் நடைக்கு அப்பால், அவனை ஒருநாளும் பார்க்காதவர்களின் வயலில் நடந்தேறுவது.

அதே செப்பேட்டின் வடமொழிப் பகுதி இன்னொரு நடையையும் சொல்கிறது. இராசேந்திரனின் படை வடக்கே போகிறது. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் யானைகளையே பாலமாக நிறுத்திக் கடக்கிறது. கங்கை நீரை எடுத்துவரும் தண்டநாயகனுக்காக அரசன் கோதாவரிக் கரையில் காத்திருக்கிறான். பிறகு கங்கைகொண்ட சோழபுரத்து ஏரி, நீராலான வெற்றித்தூண் என்ற பெயர் பெறுகிறது. அத்தனை நீண்ட போக்குவரத்தில், அத்தனை ஆற்றுத் தண்ணீரைக் குடித்த படையில், எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தார்கள், எத்தனை பேரை வழியில் புதைத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. மெய்க்கீர்த்தியில் வயிற்றுப்போக்குக்கு இடமில்லை.

சுமார் 310 ஆண்டு கழித்து இன்னொரு பெரும்படை எதிர்த்திசையில் வந்தது. தில்லியில் புறப்பட்டுத் தெலுங்கு நாட்டின் வழியே தமிழ் நாட்டை நோக்கி வந்த அந்தப் படை இங்கே வந்து சேரவேயில்லை. எந்த அரசனும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. நோய் நிறுத்தியது. அந்த ஒரு நிறுத்தத்தில் தென்னிந்தியாவின் அடுத்த இருநூறு ஆண்டுகள் பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டன என்பது என் முடிவு. அதை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

*

1311-இல் தில்லித் தளபதி மாலிக் காபூர் மதுரைவரை வந்து அள்ளிக்கொண்டு போனான். அது வந்துபோன படை. தங்கி ஆள வந்த படை 1323-இல் வந்தது. அதை நடத்தியவன் உலூக் கான் என்ற இளவரசன். தெலுங்கு நாட்டு ஓரங்கலில் காகதியரை வீழ்த்தியவனும் அவனே. இரண்டு ஆண்டுகளில் அவன் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லி அரியணை ஏறினான். அரபியரும் பாரசீகரும் மாபார் என்று அழைத்த நம் கிழக்குக் கரை அவன் பேரரசின் ஒரு மாகாணமானது. தில்லியிலிருந்து அதை ஆளும் சிரமம் அவனுக்குத் தெரியாமலில்லை. 1327-இல் தேவகிரியைத் தௌலதாபாத் ஆக்கி அங்கே தலைநகரத்தை நகர்த்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அரசு எதைக்கொண்டு இவ்வளவு தூரத்தைக் கட்டிப் பிடித்திருந்தது என்பதை இப்னு பதூதா கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். மொராக்கோ நாட்டுக்காரரான அவர் தில்லியில் காஜியாக வேலை பார்த்தவர். தில்லியிலிருந்து தௌலதாபாத் 40 நாள் வழி என்கிறார். அதே சாலை தெலுங்கு நாட்டுக்கும் மாபாருக்கும் நீளுகிறது. அதற்கு ஆறு மாதம். சாலையில் குதிரை அஞ்சல் ஒன்று, கால் அஞ்சல் ஒன்று. கால் அஞ்சல்காரன் கையில் இரண்டு முழக் கோல், கோலின் தலையில் செம்பு மணிகள். ஒரு கையில் கடிதம், மறு கையில் கோல். மணி ஒலி கேட்டதும் அடுத்த சாவடியில் இருப்பவன் எழுந்து தயாராகிவிடுவான். சிந்துவிலிருந்து தில்லிக்கு மனிதர் பயணம் 50 நாள். கடிதம் ஐந்தே நாளில் போய்விடும்.

கடிதம் ஐந்து நாளில் போகலாம். படை அப்படிப் போகமுடியாது. கடிதத்தை ஒருவன் மதிக்கிறான் என்றால், அதன் பின்னால் என்றாவது ஒருநாள் படை வந்து சேரும் என்று அவன் நம்புவதால்தான்.

அந்த நம்பிக்கை முகமதுவின் முதல் பத்தாண்டில் பொய்க்கவில்லை. தக்காணத்தில் அவன் உறவினன் குர்ஷாஸ்ப் கிளர்ந்தபோது அவனைக் கம்பிலி வரை, பிறகு துவாரசமுத்திரம் வரை துரத்திப் பிடித்தார்கள். முல்தானில் கிஷ்லு கான் எழுந்தான், அடக்கினார்கள். பிறகு மாபாரின் முறை வந்தது. மதுரையில் அதிகாரியாக இருந்த ஜலாலுத்தீன் அசன் ஷா தன்னையே சுல்தான் என்று அறிவித்துக் காசும் அடித்தான். முகமது தானே படையோடு கிளம்பினான். இப்னு பதூதாவின் கணக்குப்படி அது 1335 ஜனவரி.

தௌலதாபாத் வந்தான். அங்கிருந்து ஓரங்கல் வந்தான். மதுரைக்கு இன்னும் மூன்று மாத வழி. அங்கே நோய் வெடித்தது.

*

இப்னு பதூதா இந்தப் படையில் இல்லை, தில்லியில் இருந்தார். திரும்பி வந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதினார். படையின் பெரும்பகுதி மாண்டது என்கிறார். அடிமை வீரர்கள் போனார்கள், அமீர்கள் போனார்கள். சுல்தான் ‘மாமா’ என்று அழைத்துவந்த மாலிக் தௌலத் ஷாவும் போனான். அரசவை வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனியும் இதை உறுதிப்படுத்துகிறார்: ஓரங்கலில் நோய் பரவியிருந்தது, பிரபுக்களும் மற்றவர்களும் இறந்தார்கள், சுல்தானையும் அது பிடித்தது.

என்ன நோய்? அந்தக் காலத்து நூல்களில் வரும் ‘வபா’ எந்தக் கொள்ளைநோய்க்கும் பொருந்தும் பொதுச்சொல். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதைக் காலரா என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் காலத்து இந்தியாவில் அவர்கள் அஞ்சிய நோய் அது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் படை முகாம் எப்படி நோய்க்களமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள நோயின் பெயர் வேண்டியதில்லை. படை என்றால் வீரர் மட்டும் இல்லை. குதிரைக்காரர், யானைப் பாகர், சமையல்காரர், தண்ணீர்த் துருத்தி சுமப்பவர், தானிய வணிகர், பெண்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து நகரும் ஓர் ஊர் அது. கழிவறை இல்லாத ஊர். வட நாட்டு வறண்ட சமவெளியில் பழகிய உடம்புகள், காகதியர் வெட்டிய ஏரிகளின் நாட்டில், ஒரே கரையில் குளித்து, அதே கரையில் கால்நடைக்குத் தண்ணீர் காட்டி, அதே தண்ணீரை மொண்டு குடித்தன. ஊராக இருந்தால் நோய் கண்டதும் சனம் நாலாபக்கமும் சிதறிப் போகும். படை சிதறக்கூடாது. சிதறாமல் இருப்பதுதான் அதன் பலம். நோய்க்கு வேண்டியதும் அதுவேதான்.

சுல்தான் நோயில் விழுந்த செய்தி முகாமை விட்டு வெளியேறியது. வெளியேறும்போதே அது சாவுச் செய்தியாகியிருந்தது. தௌலதாபாத் பக்கம் இருந்த மாலிக் ஹோஷங், சுல்தான் போய்விட்டான் என்று நம்பி, கொங்கணத்தை ஒட்டிய மலைகளில் இருந்த ஓர் இந்து அரசனிடம் ஓடிச் சேர்ந்துகொண்டான். வடக்கே ஹான்சியை ஆண்ட இப்ராகிம், மதுரையில் கலகம் செய்த அதே அசன் ஷாவின் மகன். சிந்துவிலிருந்து தில்லிக்குப் போய்க்கொண்டிருந்த கருவூலப் பணம் அவன் எல்லைக்குள் வந்தபோது, வழி சரியில்லை என்று சாக்குச் சொல்லி அதை நிறுத்தி வைத்தான். சுல்தானின் சாவு உறுதியாகட்டும் என்று காத்திருந்தான். சுல்தான் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்ததும் பணத்தை விட்டுவிட்டான். பின்னால் இது வெளிப்பட்டு அவன் தலை போனது.

இந்த இரண்டு பேரையும் நோய் தொடவில்லை. ஹான்சிக்கும் ஓரங்கலுக்கும் நடுவே பாதி இந்தியா கிடக்கிறது. கிருமி போகாத இடத்துக்கு வதந்தி போய், அதே வேலையைச் செய்துவிட்டது. கொள்ளைநோய் ஓர் அரசை எப்படி அசைக்கிறது என்று கேட்டால், செத்தவர் எண்ணிக்கையைக் காட்டுவதற்கு முன் இந்த இப்ராகிமைத்தான் நான் காட்டுவேன். கருவூல வண்டிகளை நிறுத்திவிட்டு, தெற்கிலிருந்து ஒரு செய்தி வருமா என்று காத்திருந்த மனிதன்.

வேதனையான ஒற்றுமை ஒன்று உண்டு. முகமது இளவரசனாக முதன்முதலில் ஓரங்கலை முற்றுகையிட்டபோது வெற்றி கைக்கு எட்டும் தருணத்தில் தோற்றான். தில்லியிலிருந்து ஒரு மாதம் போல அஞ்சல் வராமல் போக, அவன் தந்தை கியாசுத்தீன் இறந்துவிட்டார் என்று முகாமில் யாரோ கிளப்பிவிட்டார்கள். தளபதிகள் கலைந்து ஓடினார்கள். அடுத்த படையெடுப்பில்தான் ஓரங்கல் விழுந்தது. செய்தி நின்றால் அரசு நிற்கும் என்ற பாடத்தை அவன் கற்றதும் ஓரங்கல், அதை மறுபடி அனுபவித்ததும் ஓரங்கல்.

அவன் மதுரையைக் கைவிட்டுத் திரும்பினான். தெலுங்கு நாட்டை மாலிக் மக்பூலிடம் ஒப்படைத்தான். திரும்பும் வழியில் பீட் என்ற ஊரில் அவனுக்கு ஒரு பல் பிடுங்கப்பட்டது. அந்தப் பல்லை முறையாக அடக்கம் செய்து அதன்மேல் ஒரு கட்டடம் எழுப்பச் செய்தான் என்று வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதுகிறார். மராட்டிய நாட்டில் இருக்கும் அந்தப் பல் கல்லறையைப் பித்துக்குளித்தனத்துக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. படையின் பெரும்பகுதியைச் சடங்கில்லாமல் மண்ணில் போட்டுவிட்டு, தானும் பிழைப்போமா என்று தெரியாமல் திரும்பிய ஒருவன், தன் உடம்பிலிருந்து போன ஒன்றுக்காவது கல்லறை கட்டிப் பார்த்திருக்கிறான்.

மதுரை நோக்கி அவன் பிறகு வரவேயில்லை. அவன் அடக்க முடியாமல் விட்ட முதல் பெரிய கலகம் இதுதான். ஓராண்டுக்குள் ஓரங்கலில் காபய நாயக்கர் எழுந்தார். மக்பூல் தில்லிக்கு ஓடினான். 1336 விசயநகரம் தோன்றியதாக மரபு சொல்லும் ஆண்டு. 1338-இல் வங்காளம் பிரிந்தது. 1347-இல் தக்காணத்தில் பாமினி அரசு எழுந்தது. முகமது 1351-இல் சிந்து நதிக்கரையில், இன்னொரு கலகக்காரனைத் துரத்திக்கொண்டிருந்த முகாமில், காய்ச்சலில் இறந்தான்.

எல்லாவற்றையும் ஓரங்கல் நோயின் தலையில் கட்டிவிட முடியாது. கங்கை யமுனைக்கு இடைப்பட்ட தோவாபில் வரிச்சுமை, செம்பு நாணயக் குழப்பம், தலைநகர் மாற்றத்தில் அலைக்கழிந்த குடும்பங்கள், தில்லியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நீடித்த பஞ்சம் எல்லாம் உண்டு. ஆனால் வரிச்சுமையும் நாணயக் குழப்பமும் 1335-க்கு முன்பே இருந்தன. அப்போதெல்லாம் கலகம் வந்தது, படை போனது, கலகம் அடங்கியது. 1335-க்குப் பிறகுதான் படை போகாமல் போயிற்று. முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் நடுவில் நிற்பது ஓரங்கல் முகாம்.

*

அசன் ஷா தப்பித்தான் என்றாலும் அவன் நிறுவிய மதுரை அரசை நோய் சும்மா விடவில்லை. பத்தாண்டு கழித்து அதன் வாசலுக்கே வந்தது. இந்த முறை பார்த்தவர் எழுதியிருக்கிறார்.

இப்னு பதூதா தில்லியில் அசன் ஷாவின் மகள் ஒருத்தியை மணந்திருந்தார். மதுரையில் அப்போது சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தம்கானி அவளுடைய சகோதரியை மணந்தவன். நம் வழக்கில் சகலை. 1344-இல் மாலத்தீவிலிருந்து கிளம்பி, இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறி, பிறகு நம் கரையில் கப்பல் உடைந்து தப்பி, இப்னு பதூதா தன் சகலையிடம் வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு திட்டத்தோடு வந்தார்: மாலத்தீவைப் பிடிக்க மதுரைச் சுல்தான் கப்பலும் படையும் தரவேண்டும். கியாசுத்தீனும் ஒப்புக்கொண்டு கப்பல்களைத் தயார் செய்யச் சொன்னான்.

அப்போது அந்த அரசு உச்சத்தில் இருந்தது. 1342-இல்தான் கியாசுத்தீன் போசள அரசன் மூன்றாம் வல்லாளனைக் கொன்றிருந்தான். கண்ணனூரை முற்றுகையிட்டிருந்த 80 வயது வல்லாளனைப் பிடித்து, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அது தொங்குவதை இப்னு பதூதா பார்த்தார். குரூரத்தில் அவனுக்கு இணையில்லை. குழந்தைகளையும் பெண்களையும் கொன்றதைக் கண்டு இப்னு பதூதாவே அருவருத்து எழுதியிருக்கிறார்.

இப்னு பதூதா மதுரைக்குள் நுழைந்தபோது ஊர் செத்துக்கொண்டிருந்தது. நோய் கண்டவர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இறந்தார்கள். தாங்கினால் நான்காம் நாள். வீட்டை விட்டு வெளியே வந்தால் நோயாளி அல்லது பிணம், வேறு காட்சி இல்லை. திடமானவள் என்று சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார். மறுநாள் அவள் இல்லை. ஒருநாள் ஒரு பெண் எட்டு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கணவன் அசன் ஷாவிடம் அமைச்சராக இருந்தவன். இப்போது வறுமை. இப்னு பதூதா இருவருக்கும் பணம் கொடுத்தார். தாயும் மகனும் நல்ல உடல்நிலையில் திரும்பிப் போனார்கள். மறுநாள் அவள் தனியாக வந்தாள், மகனுக்குக் கோடித்துணி கேட்டு. அரண்மனையில் சமையலுக்கு அரிசி குத்தும் பெண்கள் நூற்றுக்கணக்கில் வெயிலில் சாய்ந்து கிடந்தார்கள்.

நான் இந்த அரிசி குத்தும் பெண்களிடம் அதிக நேரம் நிற்கிறேன். அரசவை என்றால் நமக்கு அரியணையும் அமைச்சரும் ஞாபகம் வருவார்கள். காலையில் உலக்கைச் சத்தம் நின்றுபோனால் அரண்மனைக்கு மதியம் சோறு இல்லை. நோய் அரசின் அடிவயிற்றில் கை வைப்பது இப்படித்தான்.

கியாசுத்தீன் ஊருக்குள் வந்தபோது அவன் தாயும் மனைவியும் மகனும் படுக்கையில் இருந்தார்கள். மூன்று நாள் தங்கிவிட்டு நகருக்கு வெளியே ஓர் ஆற்றங்கரைக்குக் கூடாரம் மாற்றினான். ஒரு வியாழக்கிழமை ஒரே மகன் இறந்தான். அடுத்த வியாழன் தாய். அதற்கடுத்த வியாழன் அவனே. அவனுடைய சாவுக்கு நோய் மட்டும் காரணமில்லை. ஒரு யோகி கொடுத்த, இரும்புத்தூள் கலந்த வீரிய மாத்திரைகளை அளவுக்கு மீறித் தின்று ஏற்கனவே உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தான் என்றும் இப்னு பதூதா சொல்கிறார். இந்தக் குறிப்புக்காகவே அவரை நம்பத் தோன்றுகிறது. எல்லாச் சாவையும் கொள்ளைநோய்க் கணக்கில் எழுதி முடிப்பது சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை.

சாவுச் செய்தி வந்ததும் குழப்பம் வரும் என்று பயந்து இப்னு பதூதா நகருக்கு விரைந்தார். வழியில் எதிரே வந்தவன் நசிருத்தீன், இறந்தவனின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. வாரிசு மகன் செத்துவிட்டதால் முகாம் இவனை அழைத்திருந்தது. சடங்கு நடந்தது, அமீர்கள் உறுதிமொழி சொன்னார்கள், கையில் பணம் விழுந்தது. தொழுகை உரையில் புதுச் சுல்தானின் பெயர் வரும்போதெல்லாம் தட்டுத் தட்டாகக் காசு இறைத்தார்கள். கியாசுத்தீன் மகளை மணந்திருந்த தன் உறவினனைக் கொன்று, அந்த விதவையைத் தானே மணந்துகொண்டான் நசிருத்தீன். நெறி கெட்ட வேலை. ஆனால் அரசு கலையவில்லை. விசயநகர இளவரசன் குமார கம்பணன் 1371-இல் வந்து முடிக்கும்வரை அது இன்னும் 26 ஆண்டு இழுத்தது.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரங்கலில் சுல்தான் சாகவில்லை, ஆனாலும் தெற்கு கைநழுவியது. மதுரையில் சுல்தானும் மகனும் தாயும் மூன்று வாரத்தில் போனார்கள், ஆனாலும் அரசு நின்றது. மதுரையில் சாவு நடந்த கூடாரத்துக்கும் வாரிசு இருந்த இடத்துக்கும் ஒரு காத தூரம்தான். வதந்தி கிளம்பி முற்றுவதற்குள் புது அரசன் குதிரையில் ஏறிவிட்டான். ஓரங்கல் முகாமுக்கும் தில்லிக்கும் நடுவில் மாதக்கணக்கான வழி கிடந்தது. நோய் இரண்டு இடத்திலும் மனிதரைக் கொன்றது; அரசைக் கொன்றது தூரம்.

ரோமுக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்தும். 165-ஐ ஒட்டிக் கிழக்குப் போரிலிருந்து திரும்பிய படைகளோடு ஒரு கொள்ளைநோய் அந்தப் பேரரசில் புகுந்து பல ஆண்டு சுற்றியது. 166-இல் மருத்துவர் கேலன் ரோமை விட்டுப் போனார். பிறகு பேரரசரே அவரை அழைத்து வரச்சொன்னார். இணைப் பேரரசன் லூசியஸ் வேரஸ் 169-இல் இறந்தான். ஆனால் மார்க்கஸ் அரேலியஸ் இருந்தான், எல்லைப் படைகளுக்கு ஆள் சேர்த்தான், அரசு நின்றது. இரண்டு அரசர் இருந்ததால் ஒரு சாவு வதந்திக்கு அங்கே விலை குறைவு.

மதுரையை அடித்தது, அதே பத்தாண்டில் ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் வாரிய பிளேக்தானா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. கிர்கிஸ்தானில் இசிக் குல் ஏரிப் பக்கத்து 1338-39 கல்லறைகளில் இருந்த பற்களில் பிளேக் கிருமியின் மரபணுவை 2022-இல் அடையாளம் கண்டார்கள். ஆக, நோய் மத்திய ஆசியாவில் அப்போது இருந்தது. ஆனால் அது இந்தியாவுக்கு வந்ததற்கான சான்றுகள் நிற்கவில்லை என்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சஸ்மன் 2011-இல் விரிவாக வாதிட்டார். நான் அவர் பக்கம். 1348-இல் தமாஸ்கஸில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் விழுந்ததை இப்னு பதூதா நேரில் கண்டவர். மதுரைப் பக்கங்களைச் சொல்லும்போது ‘அதே நோய்தான்’ என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை. கட்டியையும் நெறியையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்கும் மதுரையில் காய்ச்சல் கண்டது. இதுதான் முடிவு என்று நினைத்தார். அந்த ஊரில் மலிந்து கிடந்த புளியை ஒரு ராத்தல் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது, எழுந்துவிட்டார். புதுச் சுல்தான் மாலத்தீவுப் பயணத்துக்கு உதவுகிறேன் என்றான். இவருக்கு ஊரே வெறுத்துப் போயிருந்தது. கிளம்பிக் கொல்லம் போய்விட்டார். நம் வீட்டுப் புளிக்கரைசல் ஒரு பயணியைக் காப்பாற்றியது. மாலத்தீவை ஒரு படையெடுப்பிலிருந்து காப்பாற்றியது மதுரைக் காய்ச்சல்.

*

கொள்ளை என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். சூறையாடுவதும் கொள்ளை, ஊரை வாரிக்கொண்டு போகும் நோயும் கொள்ளை. ‘கொள்ளையில போக’ என்று என் பாட்டி வையும்போது எது என்று பிரித்துச் சொல்லமாட்டாள். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கும் அதைப் பிரித்துப் பார்க்க அவகாசம் இருந்திருக்காது. காபூர் படை வந்தது ஒரு கொள்ளை. மதுரையில் வந்தது இன்னொரு கொள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஓரங்கலில் ஒரு கொள்ளை, இன்னொரு கொள்ளையை வழிமறித்தது.

ஆனால் இந்த வழிமறிப்பு எந்தக் கல்லிலும் இல்லை. தெலுங்கு நாட்டில் நாயக்கர்களின் விலாசச் செப்பேடு, அழிந்த நாட்டைப் புரோலய நாயக்கர் மீட்டதாகச் சொல்கிறது. கம்பணனின் மதுரை வெற்றியை அவன் மனைவி கங்காதேவி ‘மதுரா விஜய’மாகப் பாடினாள். அவர்கள் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓரங்கல் முகாமில் படை அழியாமல் இருந்திருந்தால், அந்த வீரம் சந்தித்திருக்க வேண்டிய எதிரி வேறு அளவுள்ளவன். திருவாலங்காடு இருக்கும் தொண்டை மண்டலத்திலும் இதே கதைதான். படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர்கள் அந்தப் பத்தாண்டுகளில் யாருக்கும் கப்பம் கட்டாத அரசர்களாக நிமிர்ந்தார்கள். இராசநாராயணச் சம்புவராயனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் வட தமிழகத்தில் நிறைய உண்டு. தில்லி ஏன் திரும்பி வரவில்லை என்பதை அவற்றில் எதுவும் கேட்கவில்லை.

நோயைக் கல்லில் எழுதும் வழக்கமே நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1068-ஐ ஒட்டியது. அங்கே 15 கிடைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதற்கொரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மருந்து வேரும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அரசு நோயை அறிந்திருந்தது. ஆனால் அது அறிந்தது 15 படுக்கைக்குள் அடங்கும் நோயை. ஊரையே படுக்கையாக்கும் நோய்க்குக் கணக்கர் எழுத்தில் வரி இல்லை.

அது வேறிடத்தில் எழுதப்பட்டது. வல்லாளன் முற்றுகையிட்ட கண்ணனூர், சமயபுரத்தை ஒட்டிய இடம். வெப்பு நோய்க்கும் முத்துக்கும் தமிழ்நாடு முழுக்க நேர்ந்துகொள்ளும் மாரியம்மன் அங்கே இருக்கிறாள். போரின் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மனைத் தெரியாதவர் இல்லை. திருவாலங்காடு இருக்கும் திருத்தணிப் பக்கம் 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த நாடு. வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். தெலுங்கு பேசும் ஊர்களில் போலேரம்மா இருப்பாள். ‘பொலிமேர’ என்றால் தெலுங்கில் ஊர் எல்லை. அவள் பெயரை அதோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். தமிழ் ஊர்களில் கங்கையம்மன், எல்லையம்மன்.

ஆடியில் அவளுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கரகம் ஊரைச் சுற்றி எல்லை நெடுக வரும். பம்பை முன்னே போகும். தலையில் கரகத்தோடு வருபவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏரிக்கரையில் ஒரு நிறுத்தம், வாய்க்கால் முனையில் ஒரு நிறுத்தம், இரண்டு ஊர் சேரும் இடத்தில் கொஞ்சம் நீண்ட நிறுத்தம். அந்த இடத்தில் வேப்பிலை கட்டி, எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாலு திசைக்கும் எறிந்துவிட்டு, கரகம் திரும்பும். பெண் யானை நடந்ததும் இப்படித்தான், ஏரி, வாய்க்கால், அடுத்த ஊரின் விளிம்பு என்று. அதன் தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். கரகம் போன தடத்தில் வேப்பிலை காய்ந்து கிடக்கும், அடுத்த ஆடிவரை.